வலது காலுக்கு மட்டும் தண்ணீர்

சிதம்பரம்,
9.6.2025, திங்கட்கிழமை.

அன்புள்ள ராபர்ட்டுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். நீயும் மருமகள் சுவேதாவும் நலம் என்பது நேற்று நீ போட்ட கடற்கரைப் படத்தில் தெரிந்தது. அப்பாவின் நலத்தை ஒரே சொல்லில் எழுத முடியாது என்பதால் உறுதியான செய்தியிலிருந்து தொடங்குகிறேன். ஜூன் ஏழாம் தேதி சனிக்கிழமை காலை பதினொன்றே கால் மணிக்கு உன் அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு பதினொரு எட்டு நடந்தார். இதைச் சொல்வது நானல்ல. கடலூரில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பார்க்கும் டாக்டர் தன் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். "உதவியுடன் நடக்க முடியும், நடக்க வேண்டும்" என்பது அவர் எழுதிய வரி. "வேண்டும்" என்பதன் கீழே கோடு போட்டதும் அவர்தான். ஆனால் ஜூன் மூன்றாம் தேதி நீ தோகாவிலிருந்து இந்த முதியோர் இல்லத்துக்கு அனுப்பிய மின்னஞ்சலில், அப்பாவைப் படுக்கைப் பிரிவுக்கு நிரந்தரமாக மாற்ற எனக்குச் சம்மதம், எது பாதுகாப்போ அதைச் செய்யுங்கள் என்று இருக்கிறது. அந்த மின்னஞ்சலை மேலாளர் வினோதினி எனக்குத் தாளில் எடுத்தே காட்டினாள். இரண்டு வரி, அதில் ஒரு வரி நன்றி.

எனக்கு உன்மேல் கோபம். அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது, முப்பத்தொரு வருஷம் கடலூரில் நிருபராக இருந்தும் அந்த வித்தையை நான் கற்றுக்கொள்ளவில்லை. வாட்ஸ்ஆப்பில் எழுதினால் நீ கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறாய். மே மாதத்தில் நான் அனுப்பிய ஒன்பது செய்திகளுக்கு ஏழு கட்டைவிரல் வந்திருக்கிறது. அதனால்தான் காகிதம். இதன் ஸ்கேன் பிரதி இன்று மாலை கீழவீதிக் கடையிலிருந்து உன் மின்னஞ்சலுக்கு வரும், கைப்பட எழுதியது தபாலில் வரும். இரண்டையும் படி. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன், பாதி உனக்குத் தெரிந்ததாகவே இருந்தாலும் பொறுத்துக்கொள், ஏனென்றால் தெரிந்தது என்று நீ நினைப்பதில்தான் பிழை இருக்கிறது.

மே இருபத்தெட்டு, புதன்கிழமை, காலை ஆறு இருபது. அப்பா ஆண்கள் கூடத்தில் தன் கட்டிலிலிருந்து எழுந்து கழிப்பறைக்குப் போனார். நான் மாடியில் பெண்கள் கூடத்தில் இருந்தேன், பார்க்கவில்லை. பார்த்தவர் பக்கத்துக் கட்டில் ராஜமாணிக்கம், பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்தவர், அப்பாவை மச்சான் என்று கூப்பிடுகிறாரே, அவர். நான்காவது எட்டிலேயே இடது கால் முன்னால் வழுக்கிக்கொண்டு போனது, ஆள் பக்கவாட்டில் சாய்ந்து கட்டில் விளிம்பில் நெற்றி பட விழுந்தார் என்று அவர் சொன்னார். மயக்கமா என்று மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தேன். மனிதருக்கு எரிச்சல் வந்துவிட்டது. "மயக்கமா இருந்தா கண்ணு சொருகும்மா. இவரு முழிச்சிக்கிட்டேதான் வுழுந்தாரு. வுழுந்த பொறவும் என்னப் பாத்து, யோவ் லைட்டப் போடுன்னாரு. நாப்பது வருஷம் போஸ்டுல ஏறி வுழாத லைன்மேனு, கக்கூசு போற வழியில வுழுந்தாரு பாரு" என்றார். நெற்றியில் நான்கு தையல், இடுப்பில் வீக்கம், எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. அந்த எக்ஸ்ரே அறிக்கை உனக்கும் வந்தது. அதற்கும் ஒரு கட்டைவிரல்.

ஜூன் இரண்டாம் தேதி இல்லம் உனக்கு அனுப்பிய கடிதத்தில் காரணம் "வயது முதிர்வு" என்று இருக்கிறது. வினோதினியிடம் போய் அந்தச் சொல்லுக்கு ஆதாரம் என்ன என்று கேட்டேன். அவள் கெட்டவள் இல்லை, களைத்துப் போனவள், அதற்காக விட்டுவிட முடியாது. "ஆன்ட்டி, எழுபத்தொம்பது வயசு. விழத்தான் செய்வாங்க. அதுக்காக நாங்க கால கட்டியா வெக்க முடியும்?" என்றாள். கட்டி வைக்கத்தானேம்மா என் மகனிடம் கையெழுத்து கேட்டிருக்கிறாய் என்றேன். படுக்கைப் பிரிவு என்றால் என்ன என்று நீ கேட்டுத் தெரிந்துகொண்டாயா? கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி, காலையும் மாலையும் டயபர், வாக்கர் உள்ளே அனுமதி இல்லை. சமையலறை வாசலில் யாருக்குச் சாப்பாடு கூடத்தில், யாருக்குக் கட்டிலில் என்று பெயர் எழுதும் பலகை இருக்கிறது, அதைப் பதிந்து வைக்கும் பழைய நோட்டை வாங்கிப் பார்த்தேன். இரண்டு வருஷத்தில் கூடத்திலிருந்து கட்டிலுக்குப் போனவர்கள் ஒன்பது பேர். கட்டிலிலிருந்து கூடத்துக்குத் திரும்பி வந்தவர் ஒருவரும் இல்லை. அப்பாவை இப்போதைக்கு என்று சொல்லி அங்கே போட்டு இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. சனிக்கிழமை டாக்டர் அவர் தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இன்னும் மூணு வாரம் படுக்க வெச்சீங்கன்னா, அப்புறம் நானே நடங்கன்னு சொன்னாலும் கால் கேக்காதும்மா" என்றார்.

டாக்டரிடம் எப்படிப் போனோம் என்று கேட்பாய், உன்னிடம் கேட்காமல்தான் போனோம். வாடகைக் கார் வாசலில் நின்றது, வாட்ச்மேன் ஸ்பான்சர் லெட்டர், அதுதான் உன் அனுமதிக் கடிதம், இருக்கா என்றார். நாற்பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் கல்யாணத்தன்று பாதிரியார் எழுதிக் கொடுத்த லெட்டர் இருக்கிறது, போதுமா என்றேன். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார். பதிவேட்டில் அழைத்துச் செல்பவர் மனைவி, காரணம் கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், பொய் எதுவும் எழுதவில்லை.

அங்கே டாக்டர் முதலில் செய்தது சாக்ஸைக் கழற்றியது. அப்பா கூச்சப்பட்டு இடது காலை உள்ளே இழுத்தார். மூன்று தரம் இழுத்தார். கடைசியில் நீட்டினார். இடது பெருவிரல் நகம் இரண்டு ஓரத்திலும் சதைக்குள் இறங்கிச் சீழ் வைத்திருந்தது. மற்ற நான்கு நகங்களும் வளைந்து விரலுக்கு அடியில் போயிருந்தன. முன்பாதத்தில் ஒரு கால் ஆணி, கொட்டைப் பாக்கு அளவு. கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மெல்லிய நைலான் இழையால் பாதத்தில் பத்து இடம் தொட்டார், தொடும்போது சொல்லுங்க என்றார். அப்பா மூன்று முறைதான் சொன்னார். தொடாதபோதும் ஒரு முறை சொன்னார். வலிக்கும் பெருவிரலை ஊன்றாமல் குதிகாலை ஊன்றி நடந்திருக்கிறார், தரை எங்கே இருக்கிறது என்று பாதத்துக்குத் தெரியவில்லை, போதாததற்குச் சாக்ஸ் வழுக்கியிருக்கிறது என்றார் டாக்டர். அந்தச் சாக்ஸ் நீ அனுப்பியது. பஞ்சு மாதிரி மெத்தென்று ஆறு ஜோடி, சாம்பல் நிறம். கூடத்துக்குள் செருப்பு கூடாது என்பது இங்கே விதி, பக்கத்திலேயே ஜெபக்கூடம், அதனால் எல்லார் செருப்பும் வாசல் அலமாரியில் கிடக்கிறது. நம் வீடுகளிலும் அப்படித்தானே, யாருக்கும் இது தப்பாகவே தோன்றாது. உன் ஆலையில் காலுக்கு ஒழுங்கான ஷூ இல்லாமல் ஒருத்தன் வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவாய் என்று நீயே பெருமையாகச் சொல்லியிருக்கிறாய். பாதுகாப்பு அதிகாரி என்று அட்டை மாட்டிக்கொண்டு சம்பளம் வாங்குகிறாய். ஈரம் துடைத்த டைல்ஸ் தரையில் உன் அப்பாவைச் சாக்ஸோடு விட்டிருக்கிறாய்.

இனி வலது கால். அதையும் டாக்டர் பார்த்தார். நகம் நேராக, கட்டையாக வெட்டியிருந்தது, சதை சுத்தமாக இருந்தது, ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லை. ஒரே மனிதர், ஒரே சர்க்கரை, ஒரே வயது முதிர்வு. டாக்டர் என்னைப் பார்த்து, இந்தக் காலை யாரோ நல்லா பாத்திருக்காங்களே, அந்தக் காலை ஏன் விட்டாங்க என்றார். காரில் திரும்பி வரும்போது புவனகிரி தாண்டியதும் எனக்கு விடை கிடைத்தது. ஏப்ரல் பதினேழு, பெரிய வியாழன். இயேசு சீடர்களின் பாதம் கழுவிய நினைவாக இல்லத்திலிருந்து பன்னிரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து உட்காரவைத்துப் பங்குத்தந்தை பாதம் கழுவினாரே, அதில் அப்பா ஐந்தாவது நாற்காலி. பாதம் கழுவும்போது வலது காலைத்தான் கழுவுவார்கள். ஞாபகம் இருக்கிறதா, சின்ன வயதில் நீயும் ஒரு தடவை உட்கார்ந்தாய், இரண்டு காலையும் நீட்டியதற்கு எல்லாரும் சிரித்தார்கள்.

சனிக்கிழமை திரும்பி வந்ததுமே இசைவாணியைக் கேட்டேன். கிள்ளை பக்கத்து மீனவக் குடும்பத்துப் பெண், இங்கே மூன்று வருஷமாக வேலை, இரண்டு கூடத்துக்கும் சேர்த்துப் பகலில் அவள் ஒருத்திதான். முதலில் அழுதாள், அழுகையை நிறுத்திவிட்டுச் சொல் என்றேன். "காலையில பதினோரு மணிக்குச் சொன்னாங்கம்மா, சாயங்காலம் சாமியாரு வராரு, பன்னெண்டு பேரு காலையும் பார்க்குற மாதிரி பண்ணிடுன்னு. வலது கால் போதும்னாங்க. சோறு ஊட்டணும், மாத்திரை குடுக்கணும், எனக்கும் ஒரு கால்னா பாதி வேலைன்னு தோணிச்சு. இன்னொரு நாளு இடது கால வெட்டிக்கலாம்னு நெனச்சேன். அந்த நாளு வரவே இல்லம்மா" என்றாள். இதை அவள் மறுபடி சொல்லத் தயார், எழுதியும் கொடுத்திருக்கிறாள். இவள்மேல் பழி போட்டு நீ எதையும் எழுதக் கூடாது, அப்படி எழுதினால் நான் உன்னோடு பேசுவதை நிறுத்திவிடுவேன். அவளும் நானும் நேற்றும் இன்றும் இரண்டு கூடத்திலும் காலைப் பார்த்தோம். முப்பத்திரண்டு பேரில் இருபத்தேழு பேர் காட்டினார்கள், ஐந்து பேர் மறுத்தார்கள். அந்தப் பன்னிரண்டு பேரில், டாக்டர் வெட்டிவிட்ட அப்பாவைத் தவிர, பத்துப் பேருக்கு இன்றைக்கும் இடது கால் நகம் வலதைவிட நீளம். பன்னிரண்டாவது ஆள் திருச்சியில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார், அவரைச் சரிபார்க்கவில்லை. ராஜமாணிக்கம் தன் இரண்டு காலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "இன்னாம்மா இது, சொர்க்கத்துக்கு ஒரு காலு, கக்கூசுக்கு ஒரு காலா" என்றார். கூடமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் அறிக்கை முழுமையாகாது.

அன்றைக்கு நானும் மூன்றாவது வரிசையில்தான் இருந்தேன். அப்பாவின் வலது பாதத்தில் தண்ணீர் விழுந்ததைப் பார்த்தேன், துவாலையால் ஒற்றியதைப் பார்த்தேன், கண் கலங்கினேன். இடது காலைப் பார்க்கவில்லை. உனக்கு எழுதும் ஒவ்வொரு குற்றத்திலும் எனக்குப் பங்கு உண்டு. முப்பது வருஷம் சனிக்கிழமை தோறும் பேசினில் வெந்நீர் வைத்து அவர் காலை ஊறவைத்து நகம் வெட்டியது நான்தான். என் தோள்பட்டை இறுகிப்போய், முட்டி மடங்காமல் போனபிறகு யாரிடமும் சொல்லி ஏற்பாடு செய்யாமல் விட்டேன். இசைவாணி சென்ற நவம்பரிலேயே கேட்டாளாம். மகள் வயசுப் பிள்ளை முன்னால் காலை நீட்டுவதா என்று அப்பா இழுத்துக்கொண்டார். அவர் அவளிடம் சொன்ன பதிலை அவள் இப்போதுதான் சொன்னாள். கிறிஸ்துமஸுக்கு என் பையன் வரான், அவன் வெட்டிவிடுவான் என்றாராம்.

நீ வந்தாய். டிசம்பர் இருபத்து மூன்று முதல் இருபத்தாறு வரை, நான்கு நாள். அந்த நான்கு நாளும் அப்பா சட்டைப் பையில் நகவெட்டி இருந்தது. பேனாவுக்குப் பக்கத்தில் அது ஏன் என்று நான்கூடக் கேட்டேன், சும்மா என்றார். நீ அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாய், அதைச் சுவேதா படம் எடுத்தாள், இரண்டாவது தடவை இன்னும் கொஞ்சம் நன்றாகக் குனியச் சொல்லி எடுத்தாள். தொட்ட கை சாக்ஸின் மேல்தான் பட்டது. இருபத்து நான்காம் தேதி எங்களைப் பிச்சாவரம் கூட்டிக்கொண்டு போனாய். படகுத் துறையில் அப்பா கடைசிப் படியிலிருந்து காலை எடுத்துப் படகில் வைக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார், நீ அதையும் வீடியோ எடுத்து, கரன்ட் கம்பத்துல ஏறுன ஆளு போட்டுல ஏற பயப்படுறாரு என்று நண்பர்களுக்கு அனுப்பினாய். பயம் இல்லை ராபர்ட். படகு ஆடுகிறதா, கால் ஆடுகிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கு அவர் உன்னிடம் வாய் திறந்து கேட்டிருக்கலாம், கேட்காதது அவர் தப்பு. ஆனால் கேட்கிற மாதிரி நீ எப்போது உட்கார்ந்தாய்?

இனி நீ செய்ய வேண்டியது. முதலாவது, உன் சம்மதத்தைத் திரும்பப் பெற்று ஒரு மின்னஞ்சல். சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பாளர் நீ, என் கையெழுத்து இங்கே செல்லாது, அந்தப் படிவத்தை உன்னை நம்பித்தான் படிக்காமல் விட்டேன். அப்பாவை மறுபடி கூடத்துக்கு மாற்ற வேண்டும், வாக்கரைக் கொடுக்க வேண்டும், கூடத்துக்குள் மட்டும் போட்டுக்கொள்ள தனியாக ஒரு எம்.சி.ஆர். செருப்பு, சர்க்கரைக்காரர்களுக்கென்று மெத்தென்ற ரப்பரில் செய்வது, பின்பட்டை வைத்தது, அனுமதிக்க வேண்டும், மாதம் ஒரு நாள் எல்லாருக்கும் இரண்டு காலையும் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்று அதில் கேள். இரண்டாவது, பெரிய வியாழன் படம். விழுந்ததால்தான் நகம் பெயர்ந்தது, அதற்கு முன் கால் நன்றாகத்தான் இருந்தது என்று வினோதினி இப்போது சொல்கிறாள். அந்தப் படத்தை அவள் உனக்கு மட்டும்தான் அனுப்பினாள், அதை நீ ஸ்டேட்டஸில் வைத்து, என் தந்தையின் பாதங்கள் என்று பன்மையில் எழுதியிருந்தாய். நான் இரண்டு தரம் பார்த்தேன், மறுநாள் போய்விட்டது. அதில் கழுவாத இடது கால் சாக்ஸோடு இருக்கிறது, நுனியில் பழுப்பாக ஒரு வட்டம். சீழ்க் கறை என்று நினைக்கிறேன், நிழலாகவும் இருக்கலாம், என் ஞாபகத்தை நான் ஆதாரமாக வைக்க மாட்டேன். மூலப்படத்தை அப்படியே அனுப்பு, அழகுபடுத்தாதே, வெட்டாதே. அவர் விழுந்த அன்று போட்டிருந்த சாக்ஸ், அதே மாதிரி கறையோடு, துவைக்கப் போடும் முன்னால் வாங்கிக் கேரி பேக்கில் கட்டி வைத்திருக்கிறேன்.

உன் உடம்பையும் பார்த்துக்கொள். உனக்கும் நாற்பத்து நான்கு ஆகிறது, சர்க்கரை இந்த வீட்டில் யாரையும் விட்டதில்லை, குளித்தபிறகு விரல் இடுக்கைத் துடை, வாரம் ஒரு நாள் உட்கார்ந்து உன் பாதத்தை நீயே பார். சுவேதாவிடம் சொல், அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, படம் எடுப்பது அவள் பழக்கம், பார்ப்பது உன் கடமை. உன்னைத் திட்டி முடித்தபிறகு ஆசீர்வாதம் எழுதுவது இன்றைக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தாய் எழுதாமல் யார் எழுதுவது. நீ நன்றாக இரு, கர்த்தர் உன் வீட்டையும் நீ நடக்கிற தரையையும் காக்கட்டும்.

இன்றைய நிலவரம் இது. ஜூன் பதினாறு திங்கள், அப்பாவுக்குக் கட்டு மாற்ற மறுபடி கடலூர், கார் சொல்லியாகிவிட்டது. ஜூன் பதினெட்டு புதன் காலை பத்து மணிக்கு நிர்வாகக் குழு கூடுகிறது, படுக்கைப் பிரிவா கூடமா என்று அங்கே முடிவாகும், உன் மின்னஞ்சல் பதினேழாம் தேதி மாலைக்குள் வந்தால் மட்டுமே என்னைப் பேசவிடுவார்கள். படம் இன்னும் உன்னிடம்தான் இருக்கிறது. டாக்டர் சனிக்கிழமை அன்று இடது காலின் ஐந்து நகங்களையும் வெட்டிவிட்டார், அடுத்து நான்கு வாரத்தில் வெட்ட வேண்டும் என்றார், அது ஜூலை ஐந்து, சனிக்கிழமை. தோகாவிலிருந்து சென்னை நாலரை மணி நேரம் என்று நீதான் சொல்வாய். இசைவாணி கற்றுக்கொண்டாள், அவள் வெட்டட்டுமா என்று நேற்று அப்பாவிடம் கேட்டேன். கம்பிக்குள் படுத்தபடியே, "எதுக்கும் அவன ஒரு வார்த்த கேளு" என்றார். கேட்டுவிட்டேன்.

நகவெட்டி என் கைப்பையில் இருக்கிறது.

உன் அம்மா,
தே. ராஜாமணி